தேரை இழுத்த கதை: நாலு சக்கரமும் தரையில் உருள ஒரு ஜீப்பைக் கட்டி இழுப்பது பற்றி

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். முந்தைய மலர்களில் வந்தவாசி வட்டாரத்துச் சமணப் பள்ளிகளைப் பற்றியும், நம் நிகண்டுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இம்முறையும் அதுபோல ஏதாவது வரும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நான் தமிழ் படித்ததெல்லாம் கடையில் ஆள் வராத மத்தியான நேரங்களில்தான். எனக்குச் சோறு போட்டது மோட்டார் உதிரி பாகம். டில்லி காஷ்மீரி கேட்டில் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கியர், பேரிங், ஷாஃப்ட் என்று விற்றவன். சோறு போட்ட அந்தத் தொழிலைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. அதோடு, அந்தத் தொழிலில் ஒருவருக்குப் பட்ட கடன் ஒன்றும் பாக்கி நிற்கிறது. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தேரையும் தேரும்

2018 அக்டோபரில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தோம். ஊர் டென்வர். அங்கிருந்து யூட்டா மாநிலத்து மோவாப் என்னும் ஊருக்குப் போய், ஆர்ச்சஸ், கேனியன்லேண்ட்ஸ் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களையும் பார்ப்பதாக ஏற்பாடு. சுமார் 350 மைல். மகன் தன் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து ஒரு பழைய மோட்டார்ஹோமை விலைக்கு வாங்கியிருந்தான். மோட்டார்ஹோம் என்றால் 30 அடி நீளத்தில் பஸ் மாதிரி ஒரு வண்டி. உள்ளே படுக்கை, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் உண்டு. எங்களுக்கு முக்கியம் அதிலிருந்த அடுப்பு. நாங்கள் சமணர்கள், கிழங்கு வகை சேர்ப்பதில்லை, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்க வேண்டும். ஹோட்டலை நம்பிப் பாலைவனத்துக்குக் கிளம்பினால் பட்டினிதான். “அப்பா, சமையலறையையே கூட்டிக்கிட்டுப் போறோம்” என்றான் பையன்.

கிளம்பும் நாள் காலையில் வாசலுக்கு வந்து பார்த்தால், அந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜீப்பும் நிற்கிறது. “இது எதுக்குடா?” என்றேன். “இதுதான் தேரை” என்றான்.

விஷயம் இதுதான். இழுக்கப்படும் வண்டியை இங்கிலீஷில் ‘டோட்’ என்பார்கள். அதே ஒலியில் தேரை என்று பொருள்படும் சொல் ஒன்றும் அந்த மொழியில் இருக்கிறது. மோட்டார்ஹோம்காரர்கள் இரண்டையும் சேர்த்து விளையாட்டாக, பின்னால் வரும் காருக்குத் தேரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் மொழியில் ‘தேரை இழுத்தான்’ என்றால் எந்தத் தேரை, கோயில் தேரையா, தவளை ஜாதித் தேரையா? அவர்கள் சிலேடை நம்மிடம் வந்து இன்னொரு மடங்கு ஆகிறது.

தேரை எதற்கு? 30 அடி வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, அரை லிட்டர் பால் வாங்க வேண்டுமானாலும் அத்தனையையும் கழற்ற வேண்டும். மலைப் பாதைகளிலோ அந்த நீளம் நுழையவே நுழையாது. மான்டானா மாநிலத்து கிளேசியர் தேசியப் பூங்காவின் மலைச் சாலையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை நடுப்பகுதிக்குள் விடமாட்டார்கள். மோவாப் பக்கத்து ஷேஃபர் பாதையில் தரையிலிருந்து உயரமாக நிற்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் இறங்க முடியும். ஆகவே வீட்டை முன்னால் ஓட்டிக்கொண்டு, காலாற ஒரு சின்ன வண்டியைப் பின்னால் இழுத்துப் போகிறார்கள்.

நம்ம ஜிப்ஸி

அந்தச் சின்ன வண்டியை முன்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் மனசு டில்லிக்கு வந்துவிட்டது. நம்ம ஜிப்ஸி! கொஞ்சம் குட்டையான ஜிப்ஸி, ஸ்டியரிங் இடது பக்கம். சுசுகி சாமுராய் என்று பெயர். அமெரிக்காவில் 1985 முதல் 1995 வரை விற்றார்கள். நம் நாட்டில் மாருதி 1985 கடைசியில் கொண்டுவந்த ஜிப்ஸிக்கு உடன்பிறந்த வண்டி. நம்முடையதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,375 மில்லிமீட்டர், சாமுராயில் 2,030. எடை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. ஜிப்ஸியைப் பொதுமக்களுக்கு விற்பது 2019இல் நின்றுபோனது. அதுவரை முப்பது வருஷத்துக்கு மேல் அதன் உதிரி பாகங்களை நான் விற்றிருக்கிறேன். அதன் கியர்பாக்ஸைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றுவேன் என்று கடைப் பையன்களிடம் பெருமை பேசியவன். அந்தப் பெருமைக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு வண்டியை இழுத்துச் செல்ல மூன்று வழிகள் உண்டு. முதலாவது, முழு வண்டியையும் ஒரு டிரெய்லர் மேல் ஏற்றுவது. பத்திரம்தான், ஆனால் டிரெய்லரின் எடை கூடுகிறது, போன இடத்தில் அதை நிறுத்த இடம் தேட வேண்டும். இரண்டாவது, முன்சக்கரங்களை மட்டும் ஒரு சிறு இருசக்கர மேடையில் ஏற்றுவது. இது முன்சக்கரத்தை எஞ்சின் ஓட்டும் சாதாரணக் கார்களுக்கு ஏற்றது. மூன்றாவது, நாலு சக்கரமும் தரையில் உருள, முன்னால் ஓர் இரும்புத் தண்டால் மட்டும் பிணைத்து இழுப்பது. பார்வைக்கு இதுதான் ரொம்ப எளிது. வண்டியின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் இதுதான் ரொம்ப நுட்பம்.

கட்டும் முறை

பெரியவர் வண்டியை விற்கும்போது, கட்டும் முறையை ஓர் அட்டையில் எழுதி லேமினேட் செய்து மகனிடம் கொடுத்திருந்தார். அன்று காலையில் அவரே வந்து நின்று, அட்டையிலுள்ளபடி ஒவ்வொன்றாகச் செய்ய வைத்தார். அதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன்.

முதலில் மேடு பள்ளமில்லாத இடத்தில் நிறுத்தி, ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கை இறுக்க வேண்டும். ஜீப்பின் சேஸிஸில் ஓர் இரும்புத் தகடு போல்ட் போட்டு நிரந்தரமாக முடுக்கப்பட்டிருக்கிறது. பம்பரில் மாட்டினால் பிய்ந்து வந்துவிடும். சேஸிஸில்தான் மாட்ட வேண்டும். அந்தத் தகட்டின் இரண்டு காதுகளில், முக்கோண வடிவமான டோ பாரின் இரண்டு கைகள் வந்து சேரும். முக்கோணத்தின் முனை மோட்டார்ஹோமின் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டும். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு கிளிப். கிளிப் இல்லாத பின் குலுங்கிக் குலுங்கி வெளியே வந்துவிடும்.

அடுத்து இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள். இவற்றை டோ பாருக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்ட வேண்டும். டோ பார் அறுந்து விழுந்தாலும் அந்தத் தொட்டிலில் தாங்கும். தார் ரோட்டில் குத்தி வண்டியைக் கவிழ்க்காது. பிறகு விளக்கு ஒயர். முன்வண்டி பிரேக் போட்டால் ஜீப்பின் பின்விளக்கும் எரிய வேண்டும். ஏனென்றால் பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரிவது ஜீப் மட்டும்தான்.

இவ்வளவும் வெளிவேலை. இனி உள்வேலை. ஜிப்ஸி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அதில் இரண்டு லீவர் உண்டு. நீளமானது சாதாரண கியர். குட்டையானது டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர். அதில் இரண்டு சக்கர ஓட்டம், நாலு சக்கர ஓட்டம், நியூட்ரல், மலை ஏறும் லோ என்று நான்கு நிலைகள். இழுக்கும்போது குட்டை லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். நீள லீவர் இரண்டாவது கியரில் இருக்க வேண்டும். முன்சக்கர ஹப்பை ‘ஃப்ரீ’யில் திருப்ப வேண்டும். சாவியைப் போட்டு ஸ்டியரிங் பூட்டை விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் முன்சக்கரம் திரும்பாமல் டயர் தேய்ந்து கிழியும்.

குட்டை லீவர் உண்மையிலேயே நியூட்ரலில் விழுந்ததா என்று பார்க்க எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டுப் பார்க்க வேண்டும். வண்டி அசையக் கூடாது. இங்கே ஓர் அபாயம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது, கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறோம் என்கிற தைரியம் செல்லாது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை மறந்தால் வண்டி தானாக உருண்டு, முன்னால் குனிந்து நிற்பவர் மேல் ஏறிவிடும். ஆகவே ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பது கடைசி வேலை. டோ பார் பூட்டி, சங்கிலி மாட்டி, எல்லாரும் விலகிய பிறகுதான்.

கடைசியாக, முன்வண்டியைப் பத்து கஜம் மெதுவாக நகர்த்தச் சொல்லி, ஒருவர் கீழே நின்று ஜீப்பின் நாலு சக்கரமும் உருள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

“நியூட்ரல்னா நியூட்ரல். இதுக்கு இவ்வளவு சோதனையா?” என்று கேட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டு, லோவில் மாட்டிக்கொண்டபடியே இழுத்துப் போய் எஞ்சினையே தூளாக்கியவர்கள் உண்டு என்றார். நான் வியாபாரி, கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நம்புவேன். அன்று வண்டியில் உட்கார்ந்தபடியே போட்டேன்.

மணிக்கு 55 மைல் வேகம். டயரின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று வைத்தால் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 700 சுற்று. சாமுராயின் அச்சு விகிதம் 3.727. டிரான்ஸ்ஃபர் லோ விகிதம் 2.268. இரண்டாவது கியர் 1.947. நான்கையும் பெருக்கினால் 11,500ஐத் தொடுகிறது. அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 11,500 சுற்று சுற்றியாக வேண்டும். அதைப்போல இரண்டு மடங்கு வேகம்! 6,000 சுற்றைச் சுற்றிப் பழகிய எஞ்சின் அது. அதுவும் உள்ளே ஓட்டுநர் இல்லை, சத்தம் கேட்க ஆள் இல்லை. முன்னால் இருப்பவருக்குப் புகை தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஒரு குட்டை லீவர் ஓர் அங்குலம் தவறினால் இவ்வளவு.

இறக்கத்தில் முட்டுக்கட்டை

டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலைத் தொடரைக் குடைந்து ஐசன்ஹவர் சுரங்கத்தின் வழியாகப் போகிறது. கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேலே. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் செங்குத்தான இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று பக்கத்தில் ஜல்லி கொட்டிய மேட்டுப் பாதையே போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த இறக்கத்தில்தான் ஒன்று விளங்கியது. சாதாரணமாக இறக்கத்தில் கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். முன்வண்டிக்கு அது உண்டு. பின்னால் வரும் தேரைக்கு உண்டா? இல்லை. நாம்தான் அதன் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து அவிழ்த்துவிட்டோமே! ஒரு டன் இரும்பு, பிடிமானமே இல்லாமல் முன்வண்டியின் முதுகைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

எனக்குத் திருவாரூர் ஆழித்தேர் ஞாபகம் வந்தது. தேரை இழுக்க ஆயிரக்கணக்கான கைகள் உண்டு. ஆனால் அது ஓட ஆரம்பித்த பிறகு நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரின் கையில்தான். வடம் பிடிப்பவரை ஊர் பார்க்கும். முட்டுக்கட்டைக்காரர்தான் ஊரைக் காப்பவர்.

மோட்டார்ஹோம்காரர்களும் தேரைக்கு முட்டுக்கட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் ஒரு பெட்டி. அதன் கை ஜீப்பின் பிரேக் பெடலைப் பிடித்திருக்கும். முன்வண்டி வேகம் குறைவதை உணர்ந்ததும் அந்தக் கை பெடலை அழுத்தும். இதல்லாமல் முன்வண்டியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வருகிறது. டோ பாரும் சங்கிலியும் அறுந்து ஜீப் தனியே பிரிந்தால், கம்பி ஒரு பின்னைப் பிடுங்கும். உடனே ஜீப்பின் பிரேக் தானாக விழும். இப்படித் தனி பிரேக் வேண்டும் என்ற சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. 3,000 பவுண்டுக்கு மேல் எடையிருந்தால் கட்டாயம் என்பது பல மாநிலங்களில் உள்ள எல்லை. எங்கள் ஜீப் அதற்குள்தான் வரும். இருந்தாலும் பெரியவர் விடவில்லை. “சட்டத்துக்குத்தான் எடை தெரியும், மலைக்குத் தெரியாது” என்றாராம் மகனிடம்.

பின்னால் போகாதே

அட்டையின் அடியில் பெரிய எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: ரிவர்ஸ் எடுக்காதே. எங்கள் பையன் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் தப்பான பக்கம் நுழைந்துவிட்டான். எதிரே சுவர். நாலடி பின்னால் போனால் திரும்பிவிடலாம் என்று ரிவர்ஸ் எடுத்தான். ஜீப்பின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுக்க ஒடிந்து, வண்டி கோணிக்கொண்டு நின்றது.

காரணம் இதுதான். முன்னால் இழுக்கும்போது கட்டப்படாத முன்சக்கரங்கள் தாமாகவே நேராகி, இழுக்கும் திசைக்குத் திரும்பும். கடைகளில் சாமான் தள்ளும் டிராலியின் சின்னச் சக்கரம் மாதிரி. பின்னால் தள்ளினால் அதே சக்கரம் சுழன்று எதிர்ப்பக்கம் ஒடியப் பார்க்கும். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இல்லை. மேலும் தள்ளினால் டோ பார் வளையும், அல்லது ஜீப்பின் ஸ்டியரிங் ராடு வளையும். கோணலாக நின்றதால் பின்னும் இறுகிக்கொண்டு வெளியே வரவில்லை. முதலில் ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கைப் போட்டோம். பிறகு நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை நேராக்க, பையன் முன்வண்டியை அரை அடி முன்னால் நகர்த்தி இறுக்கத்தைத் தளர்த்தினான். பின்னைக் கழற்றி, இரண்டு வண்டியையும் தனித்தனியே வெளியே எடுத்து, மறுபடி முதலிலிருந்து கட்டினோம். முக்கால் மணி நேரம் போயிற்று. வெயிலில் நின்ற என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

இருநூறு மைல்

எண்ணெய் விஷயம் கடைசியாக வருகிறது. அட்டையில் 200 மைலுக்கு ஒருமுறை நிறுத்து என்று இருந்தது. ரைஃபிள் என்ற ஊர்ப் பக்கம் நிறுத்தினோம். பையன் ஜீப்பில் ஏறி, குட்டை லீவர் நியூட்ரலிலேயே இருக்க, நீள லீவர் இரண்டாவது கியரிலேயே இருக்க, கிளட்சை மிதித்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கிளட்சை விட்டு, ஒரு நிமிஷம் எஞ்சினைச் சற்றே வேகமாக ஓடவிட்டான். வண்டி அசையாமல் நின்றது. பிறகு அணைத்தான்.

நான் “இது எதுக்கு?” என்று கேட்க வாயெடுத்தவன், கேட்காமலே நின்றுவிட்டேன். பதில் எனக்கே தெரிந்துவிட்டது.

கியர்பாக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் எண்ணெயை மேலே ஏற்றுவதற்குத் தனி பம்ப் கிடையாது. பெட்டியின் அடியில் எண்ணெய் கிடக்கும். எஞ்சின் ஓடும்போது அடியிலுள்ள கியர்கள் அதில் முழுகிச் சுற்றி, எண்ணெயை மேலே வாரி அடிக்கும். வண்டியை இழுக்கும்போது எஞ்சின் ஓடவில்லை. சக்கரத்தோடு சேர்ந்து மேலே உள்ள ஷாஃப்ட் மட்டும் சுற்றுகிறது. எண்ணெய் வாரும் கியர்கள் தூங்குகின்றன. அவற்றை ஒரு நிமிஷம் எழுப்பி, எண்ணெயை மேலே அனுப்பத்தான் இந்த நிறுத்தம்.

இரண்டு லீவரின் நிலைக்கும் காரணம் அதே. குட்டை லீவர் நியூட்ரல் என்றால், சக்கரத்தின் சுழற்சி டிரான்ஸ்ஃபர் கேஸோடு நின்றுவிடும்; மெயின் கியர்பாக்ஸுக்குப் போகாது. நீள லீவரை கியரில் போட்டால், நிற்கும் எஞ்சினே மெயின் கியர்பாக்ஸை அசையாமல் பிடித்துக்கொள்ளும். எது சுற்றக் கூடாதோ அதைக் கட்டி, எது சுற்ற வேண்டுமோ அதை அவிழ்த்துவிடுவது. அவ்வளவுதான் இந்த வித்தை.

1994

இனி என் கடன். 1994இல் டேராடூன் பக்கம் கான்டிராக்ட் வேலை எடுத்திருந்த நண்பர் ஒருவர் கடைக்கு எஸ்.டி.டி. போட்டார். சேலத்துக்காரர், என்னைவிட மூத்தவர், என்னை ‘நயினாரே’ என்றுதான் அழைப்பார். அவருடைய ஜிப்ஸி எஞ்சின் ஹெட் கேஸ்கெட் போய் மலையில் நின்றுவிட்டது. டில்லிக்குக் கொண்டுவர வேண்டும். “லாரிக்குப் பின்னால ராடு போட்டு இழுத்துட்டு வரலாமா?” என்றார். “தாராளமா. நியூட்ரல்ல போட்டு இழுக்கச் சொல்லுங்க அண்ணே” என்று சொல்லிட்டேன். எந்த நியூட்ரல் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கார்வால்காரரான இளம் டிரைவர் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சுமார் 250 கிலோமீட்டர் ராத்திரி முழுக்க வந்து சேர்ந்தார். நீள லீவர் நியூட்ரல். குட்டை லீவர் இரண்டு சக்கர ஓட்டத்தில். செய்ய வேண்டியதற்கு நேர் தலைகீழ்.

எஞ்சினைச் சரிசெய்து ஓட்டியபோது கியர்பாக்ஸ் ஊளையிட்டது. திறந்தால், மெயின் ஷாஃப்டும் பேரிங்குகளும் நீலம் பாரித்துக் கருகியிருந்தன. அடியில் எண்ணெய் சரியான அளவில் இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும், “டிரைவர் எப்பவோ ஆயில் இல்லாம ஓட்டியிருக்கான் அண்ணே, அதான் தேய்ஞ்சுபோச்சு” என்றேன். எனக்கு அப்போது வேறு காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றுபவன் அல்லவா! புது ஷாஃப்ட், பேரிங், கியர் எல்லாம் என் கடையிலிருந்தே போயின. லாபம் வைத்துத்தான் விற்றேன். அந்த டிரைவருக்கு வேலை போயிற்று.

தசலட்சண பர்வம் முடிந்ததும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். ரைஃபிள் ஊரில் அந்த ஜீப் பக்கத்தில் நான் நின்றதற்குச் சில நாள் முன்புதான், டென்வரிலிருந்து ஊருக்கெல்லாம் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தேன். 24 வருஷமாக வருஷம் தவறாமல் கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டதில்லை.

எந்த வண்டிக்கு ஆகும், எதற்கு ஆகாது

வாசகர்களுக்குப் பயன்படும் ஒன்றிரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நாலு சக்கரமும் தரையில் உருள இழுப்பது எல்லா வண்டிக்கும் ஆகாது. சாமுராய், ஜீப் ராங்ளர் போல டிரான்ஸ்ஃபர் கேஸில் தனி நியூட்ரல் உள்ளவையே அமெரிக்காவில் இதற்குப் பேர்போனவை. பெரும்பாலான ஆட்டோமேடிக் கார்களில் எண்ணெயைச் செலுத்தும் பம்ப் எஞ்சினால் ஓடுவது. எஞ்சின் அணைந்தால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலும் உள்ளே கருகும். எப்போதும் நாலு சக்கரமும் ஓடும், ஆனால் டிரான்ஸ்ஃபர் நியூட்ரல் இல்லாத வண்டிகளும் அப்படியே. மின்கார்களில் மோட்டார் சக்கரத்தோடேயே பிணைந்திருப்பதால் பெரும்பாலானவற்றை இப்படி இழுக்கக் கூடாது. வண்டியோடு வரும் கையேட்டில் இழுப்பது பற்றி ஒரு பக்கம் இருக்கும். நம்மில் யாரும் அதைப் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை.

நம் நாட்டில் இதைப் பொழுதுபோக்காகச் செய்துபார்க்க நினைக்க வேண்டாம். 1989ஆம் வருஷத்துச் சாலை விதிகள், பழுதான வண்டியை அருகிலுள்ள பணிமனைக்கு இழுத்துப் போவதை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது, முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டாவிட்டால் இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் என்று அவை கூறின. 2017இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. ஆனால் நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோய், கயிறோ ராடோ கட்டும் நிலை யாருக்கும் வரும். அப்போது பக்கத்துப் பணிமனை வரை மெல்லப் போவதோடு நிறுத்துங்கள். தூரம் அதிகமென்றால் லாரி மேல் ஏற்றுங்கள். ஏற்றுக் கூலி கியர்பாக்ஸைவிட மலிவு. உதிரி பாகம் விற்றவன் சொல்கிறேன்.

கடன் தீர்ந்த பாதியும் தீராத பாதியும்

டில்லி திரும்பியதும் நண்பரின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். சேலத்தில் மகனோடு இருந்தார்.

“என்ன நயினாரே, இத்தனை வருஷம் கழிச்சு?”

“அண்ணே, அந்த ஜிப்ஸி கியர்பாக்ஸ் உங்க டிரைவரால போகலை. நான் சொன்ன யோசனையால போச்சு. எண்ணெயும் சரியாத்தான் இருந்தது. எனக்குத் தெரிஞ்சே பழியை அவர் மேல போட்டேன்.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: “அந்தப் பையன் அழுதுகிட்டே சொன்னான், ஆயில் பார்த்துட்டுத்தான் சார் ஏறினேன்னு. நான் உங்களை நம்பினேன்.”

அவர் இப்போது எங்கே என்று கேட்டேன். ஊர் சமோலிப் பக்கம் என்று சொன்ன ஞாபகம், அதற்கு மேல் தெரியாது என்றார். பழைய பேரேட்டிலிருந்து அன்றைய பில் தொகையைக் கண்டுபிடித்து நண்பருக்கு அனுப்பினேன். வேண்டாமென்று சொல்வார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். அதுதான் நியாயம்.

பணம் வந்து சேர்ந்ததாகச் சொல்ல மறுபடி பேசியபோது, “சரி நயினாரே, அப்ப எந்த லீவரை எதுல போடணும்? என் பையனும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வச்சிருக்கான். தமிழ்ல விவரமா எழுதிக் குடுங்க” என்றார். இந்தக் கட்டுரை அதற்காக எழுதியதுதான்.

டிரைவரை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. கார்வால் பக்கம் போகும் லாரிக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இந்த மலர் அவர் கைக்குப் போகவும் போகாது. இருந்தாலும் அவர் அன்று சொன்னது உண்மை என்று ஓரிடத்திலாவது அச்சில் இருக்க வேண்டும். ஆயிலைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஏறினார்.